இடையன்குடியில எங்க ஓட்டன் கல்லறையைச் சரி பண்ணின அனுபவம்

நாலு தடவை லீவு போட்டு சென்னையிலேருந்து போயிட்டு வந்து, போன வாரம்தான் வேலை முடிஞ்சுது. ஊர்ல பழைய குடும்பக் கல்லறை இருந்து, அதைச் சரி பண்ணணும்னு நெனைக்கிறவங்க கொத்தனாரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இதைப் படிச்சிருங்க.

எங்க வீட்டுல பரம்பரையா ஒரு பேச்சு உண்டு, ஓட்டன், அதாவது பூட்டனோட அப்பா, பாதிரியார் கால்டுவெல் ஐயர் கட்டின கோயில்ல கல்வேலை பாத்தவருன்னு. கால்டுவெல் 1841ல இடையன்குடி வந்தாரு, 1847ல ஆரம்பிச்ச பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880 ஜூலை 6ஆம் தேதிதான் பிரதிஷ்டை ஆச்சு, முழுசா 33 வருஷம். ஜன்னல் வேலைப்பாட்டுக்கு அவரே களிமண்ணுல மாதிரி செஞ்சு குடுத்து, அதைப் பாத்து ஊர் ஆளுங்க கல்லுல செதுக்கினாங்க. அந்த ஆளுங்கள்ல எங்க ஓட்டனும் ஒருத்தருன்னு சொல்லிக்கிட்டோமே ஒழிய, கையில ஒரு துண்டுக் காகிதம் கெடையாது.

மொதல்ல ரெண்டு மாசம் ஆன்லைன்ல தேடி வீணாக்கினேன். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்குற பழைய இந்திய அடக்கப் பதிவுகள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, ஆங்கிலோ இந்தியருங்க பேருதான் வரும், நம்ம ஆளுங்களை ஊர்க் கோயில்ல இருக்குற அடக்க ரிஜிஸ்டர்லதான் தேடணும். அதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் டவுன்ல ஒரு ஆபிஸ், எதுன்னு சொல்ல வேணாம். ராத்திரி பூரா டிரெயின்ல உக்காந்து போய் நின்னா கிளார்க் தலையைக் கூட தூக்காம "எந்த வருஷம்?"னாரு. தெரியலை சார், அதைத்தான் தேடுறேன்னேன். "1900க்கு முன்னாடி ரிஜிஸ்டரே கெடையாது, போங்க"ன்னுட்டாரு. நானும் நம்பி திரும்பி வந்துட்டேன், அதை நெனைச்சா இன்னும் வயிறு எரியுது. ரெண்டாவது தடவை எழுதிக் குடுத்துக் கேக்கலாம்னு போனா, கையெழுத்துப் போடுறவர் லீவு. போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, வெள்ளிக்கிழமை போகவே போகாதீங்க.

மூணாவது தடவை ஆபிஸே வேணாம்னு நேரா திசையன்விளை பஸ் புடிச்சு ஊருக்கே போயிட்டேன். சேகர குரு ஐயா, அதான் அந்தக் கோயில் பாதிரியார், ரெண்டே நிமிஷத்துல அலமாரியத் தொறந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்து வச்சாரு, 1900க்கு முன்னாடி உள்ளதுதான்! ஆனா வருஷம் தெரியாம ஒவ்வொரு பக்கமா தேடினா நாலு நாள் ஆகும், அதுவும் வீட்டுல கூப்புட்ட பேரு வேற, ஞானஸ்நானப் பேரு வேற.

சரின்னு கல்லறைக்குப் போனோம். வருஷா வருஷம் வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சு எழுத்தெல்லாம் அடைஞ்சு கெடந்துது. கம்பி பிரஷ் போடக் கூடாது, ஆசிட் ஊத்தவே கூடாது, எங்க கல்லு கரகரப்பான மணல்கல்லு, ஆசிட் பட்டா எழுத்தோட சேந்து கரைஞ்சு போயிரும். தண்ணியும் தேங்காநார் மாதிரி மெத்துன்னு ஒண்ணும் வச்சு மெதுவா தேய்ச்சு, பொழுது சாஞ்சதும் டார்ச்சைப் பக்கவாட்டுல புடிச்சுப் பாத்தா நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு வந்துச்சு. கடைசி வரியில "கஅஎஅ"ன்னு இருக்கு. சித்தப்பா அது ஏதோ பேரோட சுருக்கம்னே இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாரு. பின்னாடி நின்ன அத்தைதான் "ஏலே, அது எழுத்து இல்ல, தமிழ் இலக்கம்லா"ன்னாங்க. ௧௮௭௮. 1878! எனக்கு அங்கேயே கண்ணுல தண்ணி வந்துட்டு.

மறுநாள் காலையில அந்த வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினா அரைமணி நேரத்துல கெடைச்சுது. வயசு 41, காரணம் பேதி, தொழில் கல்வேலை. தாது வருஷப் பஞ்சம் ஓயுற சமயம் அது. கோயில் பிரதிஷ்டைக்கு ரெண்டே வருஷம் பாக்கி, முடிஞ்ச கோயிலை மனுசன் பாக்கவே இல்ல.

பர்மிஷன் சேகர கமிட்டியில ஒரே கூட்டத்துல குடுத்துட்டாங்க. பிரச்சினை அதுக்கப்புறம்தான். எங்க சொந்தக்காரங்களே முன்னாடி ஒரு தடவை சுத்தி சிமெண்ட் பூசி வச்சிருந்தாங்க, ஈரம் வெளிய போக வழியில்லாம உப்புப் பூத்து கல்லு தோல் உரியுற மாதிரி உரிஞ்சுக்கிட்டு இருந்துது. அந்த சிமெண்டை உளியால கொஞ்சம் கொஞ்சமா எடுங்கன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள கொத்தனார் கிரைண்டரை வச்சுட்டாரு. பைபிள் வசனம் இருந்த மூலை உடைஞ்சு விழுந்துட்டு. ஆளை விட்டுட்டு நகராதீங்க, வேலைக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, எங்களுக்கு அந்த வசனம் இப்போ போட்டோவுலதான் முழுசா இருக்கு.

அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரைத் தேடிப் புடிச்சோம். ரெண்டு வாரம் ஊறின சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டித் தண்ணி, பூசி முடிச்சு ஈரச் சாக்கு போட்டு காய விடாம பாத்துக்கிட்டாரு. உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போட நான் விடலை. அதையும் அவரு தலைமாட்டுலயே எழுத்து மேல தெரியுற மாதிரி பதிச்சுக் குடுத்துட்டாரு.