கூச்ச சுபாவம்

"மடியில வந்து உக்காருமாம்மா?" என்று கேட்டார் அந்த டீச்சரம்மா.

"கொஞ்ச நாள் ஆகும்மா" என்றேன்.

நடந்தது அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னமும் காலையில் பூனைக் கூண்டு கழுவும்போது அந்தப் பதில் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பொய் என்றும் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்தப் பூனைக்கு மேஸ்திரி என்று பெயர். பழைய குடோன் ஒன்றை இடிக்கிற இடத்தில் நாங்கள் கூண்டு வைத்துப் பிடித்த கடுவன். நாலு வயசு இருக்கும். தெருப்பூனை என்றால் வழக்கமாகக் கருத்தடை ஆபரேஷன் முடித்து, வெறிநோய் ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். இவனுக்குத் திரும்பிப்போக இடமே இல்லை. புது இடத்தில் சும்மா திறந்துவிட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பி ரோட்டில் அடிபடும். அதனால்தான் வீடு தேட வேண்டி வந்தது.

குட்டி பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனுஷக் கை பழகிவிட வேண்டும். அந்த வயசில் பழகாதது வளர்ந்த பிறகு முழுசாகப் பழகுவது அபூர்வம். பாதிப் பழக்கம் என்று ஒரு ரகம் உண்டு. தட்டு வைக்கிற சத்தம் கேட்டால் வரும், மூன்றடி தள்ளி உட்கார்ந்து தின்னும், கையை நீட்டினால் காது இரண்டும் பின்னால் படியும். மேஸ்திரி அந்த ரகம். அடாப்ஷன் ஃபாரத்தில் 'குணம்' என்றொரு கட்டம் இருக்கிறது. இந்த ரகத்துக்கு அதில் நாங்கள் எழுதுவது, 'கூச்ச சுபாவம்'. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது மாதிரி.

அதே வாரம் செங்குன்றத்திலிருந்து ஒரு அரிசி மண்டிக்காரரும் கூப்பிட்டிருந்தார். "தொடவெல்லாம் வேணாம்மா, எலி புடிச்சாப் போதும்." மேஸ்திரிக்கு அளந்து தைத்த சட்டை மாதிரியான இடம். நான்தான் வேண்டாம் என்றேன். மண்டியில் எலி மருந்து வைப்பார்கள், மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும். அது உண்மை. யார் கேட்டாலும் இந்தக் காரணத்தைத்தான் சொல்லிவந்தேன். மருந்து வைப்பதை நிறுத்துவீர்களா என்று ஒரு வார்த்தை அவரிடம் கேட்கவில்லை என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. மண்டி என்றால் வேலைக்கு அனுப்புகிற மாதிரி, டீச்சரம்மா என்றால் வீடு கிடைத்த மாதிரி. அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

டீச்சரம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முதல் மூன்று வாரம் ஒரே அறையில் வையுங்கள், பால்கனிக்கு வலை அடியுங்கள், நேராக முறைத்துப் பார்க்காதீர்கள், மெதுவாக இமையை மூடித் திறங்கள். கேட்ட ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன்.

நாலாவது மாசம் பார்க்கப் போனேன். மேஸ்திரி பரண் மேல், பழைய கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில். இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அவன் ஏறி இறங்கத் தோதாக மேஜை, அதன்மேல் ஸ்டூல், வழுக்காமலிருக்க இரண்டிலும் கோணி சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். முட்டி வலிக்காரர், எப்படிக் குனிந்து கட்டினாரோ. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு, வெறிநோய் ஊசிக்கு. 0, 3, 7, 28 என்று நாள் போட்டு நாலும் டிக் அடித்திருந்தது.

"பூனைக்குத்தான் ஊசி போட்டிருக்கோமேம்மா" என்றேன். என் வாயில் முதலில் வந்தது இதுதான்.

அவர் முழங்கையை மறைத்துக்கொண்டார். "டாக்டர் போட்டுக்கச் சொன்னார். எதுக்கு வம்புன்னு போட்டுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவீங்களே."

இதை எனக்குச் சாதகமாகத் திருப்பிப் பார்க்காத நாளில்லை. அவருக்குப் பிடித்துத்தானே போயிருக்கிறது? நான் உண்மையைச் சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டார், மேஸ்திரி இன்னும் இரண்டடிக் கூண்டில்தான் சுற்றிக்கொண்டிருப்பான். சரிதான். ஆனால் தனியாக இருக்கிற மனுஷி மடியில் ஒரு சூடு வேண்டும் என்றுதான் கேட்டார். கேட்டதற்குப் பதிலாக நாலு ஊசி. ஏமாந்தவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதால் ஏமாற்றியவள் தப்பித்துக்கொள்ள முடியுமா? அதற்காகப் பூனையைத் திருப்பி எடுத்தால் அது யாருக்குச் செய்கிற நியாயம்?

கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ராத்திரி எறங்கி வருதும்மா. நான் தூங்குறேன்னு நெனச்சுக் கட்டில் காலைச் சுத்திச் சுத்தி வருது. நான் மூச்சு விடாம படுத்துக் கெடப்பேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு ஃபாரத்தில் நான் 'தொட விடாது' என்றே எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதிய மூன்று பூனைகளும் எட்டு மாசமாகக் கூண்டில் இருக்கின்றன. ஒன்று கம்பியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து மூக்குக்கு மேலே முடி போய்விட்டது. மண்டிக்காரருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வேறெங்கோ பூனை கிடைத்துவிட்டதாம்.

போன வாரம் எங்கள் காப்பக மேடம் மூன்று ஃபாரத்தையும் வாங்கி, ஒன்றும் பேசாமல், 'தொட விடாது' என்பதை அடித்துவிட்டு மேலே 'கூச்ச சுபாவம்' என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாங்கி ஃபைலில் வைத்தேன்.