எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் அவர்கள் கையில்

அகதியாக வந்த பெண்ணிடம் கதை கேட்பதற்கு ஆள் இல்லாமற் போனதே இல்லை. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்க முடியாமல் தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கத் தொடங்கிய குடும்பங்களை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். கடலோரக் காவல் படையினர் கேட்டார்கள், தமிழகக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவுக்காரர்கள் கேட்டார்கள், பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். எத்தனை மணிக்குப் படகு ஏறினீர்கள், தலைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், பிள்ளைக்குச் சாப்பாடு இருந்ததா என்று கேள்விகள் எல்லாம் கேட்பவருக்கு வேண்டியவையாகவே இருந்தன. ஆகவே, அகதிப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சிறு படமாக்கும் டிஜிட்டல் கதைசொல்லல் பற்றி யாராவது "குரலற்றவர்களுக்குக் குரல் கொடுக்கிறோம்" என்று சொன்னால் எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது. குரல் அவர்களிடம் இருக்கிறது. அந்தக் குரலை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமைதான் அவர்களிடம் இல்லை.

ஹசாராப் பெண்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு இது தெளிவாயிற்று. ஆப்கானிஸ்தானின் நடுமலைப் பகுதியைச் சேர்ந்த ஹசாராக்கள் பாரசீகத்தின் கிளைமொழியான ஹசாராகி பேசுபவர்கள். பெரும்பாலும் ஷியா முஸ்லிம்கள். 1890களில் ஆப்கான் மன்னர் அமீர் அப்துர் ரஹ்மானின் படையெடுப்பில் நிலமும் உயிரும் இழந்து பாகிஸ்தானின் குவெட்டாவுக்கும் ஈரானின் மஷாதுக்கும் ஓடியவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 1998 ஆகஸ்டில் மஸார்-இ-ஷரீப்பில் தாலிபான்கள் அவர்களைக் கொன்று குவித்தார்கள். காபூலின் தஷ்த்-இ-பர்ச்சி பகுதியில் 2021 மே மாதம் ஒரு பள்ளியின் வாசலிலும், 2022 செப்டம்பரில் ஒரு பயிற்சி மையத்திலும் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் படிக்க வந்த பெண் பிள்ளைகள். நம் ஈழத்தமிழர்களும் ஹசாராக்களும் ஆஸ்திரேலியாவை நோக்கிய படகுகளில் ஒரே காலத்தில் பயணப்பட்டவர்கள் என்பதையும், நவூரு தீவின் முகாமில் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தவர்கள் என்பதையும் இங்கே பலர் அறிய மாட்டார்கள்.

புகலிடம் கேட்கும் ஹசாராப் பெண் முதலில் தன் வாழ்க்கையைத் தேதிகளாக மாற்ற வேண்டியிருக்கிறது. ஆப்கானியரின் வழக்கமான நாட்காட்டியில் ஆண்டு மார்ச்சில் பிறக்கிறது. ஆண்டுக் கணக்கும் வேறு. பிறந்த நாள் பதிவே இல்லாத பலருக்கு ஆவணங்களில் ஜனவரி 1 என்று எழுதிவிடுகிறார்கள். தன் ஊர்க் கணக்கில் "உருளைக்கிழங்கு தோண்டிய பிறகு" என்று நினைவு வைத்திருப்பவர் அதை இரண்டு விசாரணைகளில் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டால், அவருடைய வாக்குமூலம் முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகலாம். கதை அவருடையது, அளவுகோல் அதிகாரியுடையது.

டிஜிட்டல் கதைசொல்லல் என்ற முறையை 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட், நீனா மல்லன் ஆகியோர் தொடங்கி வைத்தார்கள். பட்டறைக்கு வருபவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கதை சொல்கிறார்கள். அதை ஏறக்குறைய ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்து, தன்னிடம் உள்ள சில படங்களைக் கோத்து, மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் கதைக்காரரே. செய்திப் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது: அழுகிற இடத்தை நீக்கிவிட அவரால் முடியும்.

ஹசாராப் பெண்ணுக்கு இந்த முறை பொருந்துவதற்கு இன்னொரு காரணம், இதில் முகம் தேவையில்லை என்பது. சொந்தங்கள் இன்னும் பாமியானிலோ கஸ்னியிலோ இருக்கும்போது முகத்தைக் காட்டுவது ஆபத்து. ஆனால் கம்பளத்தில் முடிச்சுப் போடும் விரல்கள், பூத்தையல் போட்ட துணி, பந்த்-இ-அமீர் ஏரியின் பழைய புகைப்படம் ஒன்று போதும், மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். அந்த ஏரிகள் 2009இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயின. பெண் வனக்காவலர்களும் அங்கே பணியாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் பெண்கள் அங்கே போகவே கூடாது என்று தாலிபான் அரசு தடுத்துவிட்டது. அந்தப் படத்தை ஒரு பெண் தன் கதையில் வைத்தால், அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்து பார்ப்பது மிகச் சிறிய அளவில்தான். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமுக்குள் வெளியாட்கள் அனுமதியின்றிப் போக முடியாது என்பதால், வெளியே தையல் வகுப்பு நடக்கும் ஓர் அறையில் சில பெண்களோடு கூடுகிறோம். கருவி என்று சொன்னால் அவரவர் கைப்பேசிதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் குரலோடு இரைச்சல் ஏறிவிடும். ஆகவே பேசுபவர் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, கைப்பேசியை முகவாய்க்கருகே வைத்துப் பேசுவார். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூச்சுக்கூட விடாமல் இருப்பார்கள்.

மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து வந்த ஓர் அம்மாவின் பதிவை என்னால் மறக்க முடியாது. அவருடைய கதையில் கடல் வரும் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். "கடல் வேண்டாம் தங்கச்சி, அதை எத்தனை பேருக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். அவர் சொன்னது முகாமுக்கு வந்தபின் நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி. முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துத் தன் மகள் சிரித்ததை அவர் பதிவில் அப்படியே வைத்திருக்கிறார். படத்துக்கு அவர் எடுத்தவை சைக்கிளின் மணி, துருப்பிடித்த கேரியர், அதில் கட்டிய நீலக் கயிறு ஆகிய மூன்றும்தான். இரண்டரை நிமிடம். போர் என்ற சொல்கூட அதில் இல்லை.

இதனால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. இந்தோனேசியாவின் சிசாருவாவில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் ஹசாராப் பெண்ணுக்கு ஒரு படம் எடுத்ததால் விசா வந்துவிடாது; 2014 ஜூலை முதல் அங்கே ஐ.நா. அகதிகள் அமைப்பில் பதிந்தவர்களை ஏற்பதில்லை என்ற ஆஸ்திரேலியாவின் முடிவும் அதனால் அசையாது. அங்கே ஹசாரா அகதிகளே 2014இல் தொடங்கிய பள்ளிதான் என் கணக்கில் பெரிய செயல். இங்கும் அப்படியே: 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழத்தமிழருக்கு இடமில்லை, சைக்கிள் கதை அதைத் திருத்தப் போவதில்லை. அதிகாரமளித்தல் என்ற பெரிய வார்த்தையைத் திட்ட அறிக்கைகளில் தாராளமாக அள்ளித் தெளிப்பவர்கள் இதை ஒப்புக்கொண்டால் நல்லது.

நான் கறாராக இருப்பது ஒப்புதல் படிவத்தில். ஒருமுறை கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் படம் என்றைக்கும் தங்களுடையது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தபோது, முன்பு மனமுவந்து கொடுத்த படங்களும் பெயர்களுமே ஆப்கான் பெண்களுக்கு ஆபத்தாக மாறின. உதவி அமைப்புகள் தங்கள் இணையதளங்களில் இருந்தவற்றை அவசரமாக நீக்க வேண்டியதாயிற்று. நிலைமை மாறினால் சம்மதமும் மாறும். ஆகவே நாங்கள் ஆண்டுதோறும் ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கேட்கிறோம், வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்பதில்லை. மூலப் பதிவு அவரவர் மெமரி கார்டில்தான் இருக்கும், எங்களிடம் நகல் கிடையாது. நன்கொடை திரட்டும் நிகழ்ச்சியில் காட்ட அந்தச் சைக்கிள் படத்தைக் கேட்டு ஒருவர் வந்தார். பேசாலை அம்மா யோசித்துவிட்டு, தன் மகளின் சிரிப்பு வருகிற இடத்தை வெட்டினால் தரலாம் என்றார். வந்தவருக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது, படம் போகவில்லை.