புல் தின்ற நந்தி

வெண்புரை எடுத்துக் கண் தெளிந்தால் மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைக் கோயில் நந்திக்கு ஒரு கட்டு அறுகம்புல் வைப்பதாக அம்மம்மா நேர்த்தி வைத்திருந்தார். ஈசன் கண்ணைக் கொடுத்துவிட்டான். முற்றத்தில் பிடுங்கிய புல்லை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பிரதோஷத்தன்று புறப்பட்டோம்.

புளியந்தீவுக் கோட்டையடியில் ஆட்டோ மெதுவாகப் போனது. "பறங்கியன்ட கோட்டைதானே புள்ள?" என்றார். 1628-ல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள் என்றேன். "ஓம், நந்தியிட்ட கேள்வி கேட்டு வந்தவன் நிலைப்பானா?"

மண்முனைப் பாலம் 2014-ல்தான் வந்தது. அதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்திருந்துதான் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போவோம். அந்தக் காத்திருப்பில் அம்மம்மா சொன்ன கதைதான் இது: கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, உங்கள் கல்மாடு புல் தின்னுமா என்றானாம். நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டதாம்.

படிக்கிற காலத்தில் நான் இதற்குச் சிரித்திருக்கிறேன். கல்லுக்கா பூசை என்று நம் சித்தர்களே கேட்டவர்கள்தானே. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் இருந்து கேட்டார்கள், இவன் துவக்கோடு வந்து கேட்டான். துவக்குப் பிடித்தவனோடு தத்துவம் பேச முடியுமா? அதனால்தான் கதையில் கல்லே வாய் திறக்கிறது. அந்தப் பறங்கியரின் வழிவந்தவர்கள் இன்று நகரில் எங்கள் அயலவர்கள், அது வேறு கதை.

வெளியே வியாபாரிகள் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஒரு பிடி அறுகம்புல் நூறு ரூபாயாம்! உள்ளே நெரிசல், தலைக்கு மேலே தொலைபேசிகள்.

எப்படியோ நந்தியடிக்கு வந்துவிட்டோம். அம்மம்மா முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். எண்ணெய்க் கறுப்பு, காதோரம் காய்ந்து வெடித்த சந்தனம். புல்லை வாயடியில் வைத்தார், சரிந்து விழுந்தது. திரும்ப வைத்தார், திரும்பவும் விழுந்தது. மறுகா கன்றுக்குட்டிக்குக் கொடுப்பதுபோல உள்ளங்கையில் ஏந்தி நீட்டிக்கொண்டு நின்றார். "தின்னு ராசா."

"கெதியா ஆச்சி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் அசையவில்லை. மணி அடித்தது, தீபம் காட்டினார்கள். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். அப்பனே, தான்தோன்றி ஈசனே, என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

திரும்பும்போது பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். "அங்கால ஒரு தோணி. ரெண்டு பேர் இருக்கிறாங்க, என்ன?"

இரண்டு பேர்தான் இருந்தார்கள்.