அட்டையைத் தூக்குங்க, சார்!

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பயிற்சிக்கு வருபவர்களில் பலர் எங்களைவிட அதிக காலம் வகுப்பறையில் நின்றவர்கள். ஐந்து வகுப்புகளை இரண்டே பேராகச் சமாளிக்கும் பள்ளிகளிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அவர்களை உட்கார வைத்து, ப்ரொஜெக்டரைப் போட்டு, பிபிடியில் இருப்பதை வாசித்துக் காட்டினால் பதினோரு மணி டீ வருவதற்குள் பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும். நடுவில் ஒரு வீடியோ ஓட்டினாலும் அதே கதைதான். ஆசிரியரைப் பேச வைக்கிற கருவி எதுவோ, அதுதான் பயிற்சிக்கு உதவும். இத்தனை காலத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

ஏன் பேசமாட்டார்கள்? பக்கத்து நாற்காலியில் சொந்தப் பள்ளியின் ஹெச்.எம். இருப்பார். பின்வரிசையில் தன்னிடமே படித்து ஆசிரியரான பெண் இருப்பார். இவர்கள் முன்னால் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற தயக்கம் யாருக்கும் வரும். அதனால் 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

இந்தத் தயக்கத்தை உடைத்தது பிளிக்கர்ஸ் அட்டை. வெள்ளைத் தாளில் அச்சடித்த கறுப்புக் கட்ட வடிவம். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். நம் விடைக்குரிய ஓரம் மேலே வரும்படி திருப்பிப் பிடித்தால் போதும். பயிற்சி நடத்துபவர் தன் ஒரே செல்போனில் பிளிக்கர்ஸ் செயலியைத் திறந்து, கேமராவை அரங்கம் முழுக்கச் சுற்றிக் காட்டினால் எல்லோருடைய விடையும் பதிவாகிவிடும். யார் என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு செல்போனோ டேட்டாவோ தேவையில்லை. சிக்னல் திணறும் எங்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கு இது ரொம்பவே தோது.

ஒரு கணிதப் பயிற்சியில் இந்தக் கேள்வியைப் போட்டேன்: செவ்வகத்தின் சுற்றளவு கூடினால் பரப்பளவு என்ன ஆகும்? எப்போதும் கூடும், எப்போதும் குறையும், கூடவும் செய்யலாம் குறையவும் செய்யலாம், மாறவே மாறாது. பெரும்பாலான அட்டைகள் 'எப்போதும் கூடும்' பக்கம் திரும்பியிருந்தன. எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற வரைபடத்தைத் திரையில் காட்டிவிட்டு, சரியான விடையைச் சொல்லாமல், "பக்கத்தில் இருக்கிறவரை உங்கள் விடைக்கு ஒத்துக்கொள்ள வையுங்கள்" என்றேன். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறை இது. முதலில் தனியாக வாக்களிக்க வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், பிறகு மறுபடி வாக்களிக்க வேண்டும்.

அரங்கத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் தீக்குச்சி கேட்டார். இன்னொருவர் வருகைத் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட ஆரம்பித்தார். "டீச்சர், நீளத்தைக் கூட்டிட்டு அகலத்தைக் குறைச்சா?" என்று கடைசி வரிசையில் ஒரு குரல். இரண்டாம் முறை அட்டைகள் திரும்பிய பிறகுதான் ஜியோஜீப்ராவைத் திறந்தேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. 6க்கு 4 செவ்வகம்: சுற்றளவு 20, பரப்பளவு 24. மூலையை இழுத்து 10க்கு 1 ஆக்கினால் சுற்றளவு 22 ஆகிறது, பரப்பளவோ 10க்கு இறங்கிவிடுகிறது. இதையே முதலில் காட்டியிருந்தால் 'அட, நல்லா இருக்கே' என்று பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். தங்கள் விடையைப் பணயம் வைத்த பிறகு பார்த்ததால், மூலையைத் தாங்களே இழுத்துப் பார்க்க முன்னால் வந்தார்கள்.

இன்னொரு கருவி எல்லோருடைய பையிலும் ஏற்கெனவே இருக்கிறது: செல்போன் கேமரா. பி.எட். படித்தவர்கள் அனைவரும் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பார்கள். 1963இல் ஸ்டான்ஃபோர்டில் அது உருவானபோது வீடியோப் பதிவு அதன் முக்கியமான அங்கம்: ஐந்து நிமிடம் பாடம் நடத்தி, அதைப் பார்த்து, திருத்தி, மறுபடி நடத்த வேண்டும். நம் பயிற்சிக் கல்லூரிகள் பலவற்றில் கேமரா இல்லாமலேயே அதை முடித்துக்கொண்டோம். இப்போது செல்போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தாலே பதிவாகிவிடுகிறது.

ஒரு இடைநிலை ஆசிரியை தன் தமிழ்ப் பாடத்தை அப்படி எடுத்து வந்தார். அவரும் நானும் மட்டும் பார்த்தோம். எதையும் நான் சுட்டிக்காட்டவில்லை. ஒவ்வொரு கேள்வி கேட்ட பிறகும் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று விரல்விட்டு எண்ணச் சொன்னேன், அவ்வளவுதான். சில கேள்விகளுக்கு ஒரு விரல்கூட மடங்கவில்லை. பதிலையும் அவரே சொல்லிவிட்டிருந்தார். "பிள்ளைங்க பேசமாட்டேங்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே சார்" என்றார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்திருந்தால் குழந்தைகளின் பதில் நீளமாகிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். அதை நான் எத்தனை பயிற்சிகளில் சொல்லியிருப்பேன்! சொல்லிக் கேட்பது வேறு, தன் வகுப்பில் தானே பார்ப்பது வேறு.

இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். கேமரா ஆசிரியரை நோக்கித்தான் இருக்க வேண்டும், குழந்தைகளின் முகம் விழக்கூடாது. அந்த வீடியோ எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக்கூடாது. மேலதிகாரி கேட்டாலும் கொடுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் போடப் பயன்படும் என்று தெரிந்த நிமிடமே எல்லோரும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் எடுத்து வருவார்கள்.

இணையவழிப் பாடங்களும் இருக்கின்றன. வேண்டும்போது திறந்து, நிறுத்தி, திரும்பப் பார்க்கலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் தனியாக உட்கார்ந்து முடித்துச் சான்றிதழை இறக்கிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. ஒரே பள்ளியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடியோவைப் பார்த்துச் சண்டை போட்டால் அதே பாடம் வேறு மாதிரி வேலை செய்கிறது.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குக் கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் தங்கள் வகுப்பைப் பதிவு செய்து வருகிறார்கள். அட்டைக்கான கேள்வி தயார்: கடன் வாங்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்து, 305இலிருந்து 178ஐக் கழித்தால் 273 என்று எழுதுகிற குழந்தை, 402இலிருந்து 156ஐக் கழிக்கச் சொன்னால் என்ன எழுதும்? கழித்தலின் சரியான விடையான 246க்கு எத்தனை அட்டைகள் எழுகின்றன, அந்தக் குழந்தை எழுதப்போகிற 354க்கு எத்தனை எழுகின்றன என்று பார்க்க வேண்டும்.