மூன்று நிரல் கொப்பி

உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் அப்பா ஒரு தண்ணி மெஷினின் தலையைக் கழற்றிக்கொண்டு இருந்தார். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டு முற்றத்தில் பத்தி இறக்கிய கொட்டில்தான் அவருடைய பட்டறை. தோட்டக்காரர் கொண்டுவரும் இறைப்பு மெஷின்கள், லான்ட்மாஸ்டர் உழவு மெஷின்கள், எப்போதாவது ஒரு மோட்டார் சைக்கிள். கையைத் துணியில் துடைத்துவிட்டு, "எஞ்சினியரிங் கிடைக்குமோ தம்பி?" என்று கேட்டார். "கிடைக்கும் போலை கிடக்கு அப்பா" என்றேன். எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளி வரும்வரை வீட்டில் ஒருவரும் அதைப்பற்றிச் சத்தமாகக் கதைக்கவில்லை.

இப்போது பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொறியியலுக்கான இடங்களில் 40 வீதம் முழுத் தீவுக்கும் பொதுவான திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எனக்கு மாவட்டப் பங்கில்தான் இடம் கிடைத்தது. வந்த வழியைப் பல்கலைக்கழகத்துக்குள் யாரும் கேட்பதில்லை. முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான்.

பேராதனை கிடைத்தது. ஏ9 வீதியால் இரவு பஸ்ஸில் போய், விடியப்புறம் மலைக்குளிரில் இறங்கினேன். பொறியியல் பீடம் மகாவலியின் ஒரு கரையில், மற்றப் பீடங்கள் பலவும் மறு கரையில். இடையில் அக்பர் பாலம். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டிலிருந்து போனவனுக்கு அந்தப் பாலத்தில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதே பெரிய விஷயம். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் கோவிலுக்கு ஏறிப் போவோம். அங்கேதான் ஊர்க்கதை கதைக்க ஆட்கள் கிடைத்தார்கள்.

முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். அதில் வரும் புள்ளிகளை வைத்துத்தான் சிவில், மின், கணினி, இயந்திரவியல் என்று துறை பிரிப்பார்கள். நான் இயந்திரவியல் என்று மனதில் முடிவெடுத்தே போனவன். ஆனால் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்த முதல் கிழமையே என் கணிதம் எங்கேயோ காணாமல் போனது போல இருந்தது. எனக்குத் தெரிந்தது ஆர்முடுகல். அங்கே சொன்னது ஆக்ஸிலரேஷன். அமுக்கம் பிரஷர் ஆனது, தகைப்பு ஸ்ட்ரெஸ் ஆனது, விகாரம் ஸ்ட்ரெயின் ஆனது. தனித்தனிச் சொற்கள் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டன. வாக்கியங்கள்தான் பிடிபடவில்லை. ஒரு கணக்கை வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று மனதுக்குள் தமிழாக்கி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவன் விடையின் பாதிக்குப் போய்விடுவான். பக்கத்தில் இருந்த சிங்கள நண்பனுக்கும் இதே பாடுதான் என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் தன் மொழியிலிருந்து கடந்துகொண்டிருந்தான், நான் என் மொழியிலிருந்து. அதன் பிறகு இருவரும் சேர்ந்தே படித்தோம்.

பட்டறைப் பயிற்சி மட்டும் எனக்கு இலகு. அரம் பிடிப்பது, லேத்தில் கடைவது, வெல்டிங் எல்லாம் கை அறிந்த வேலை. இரும்புத் துண்டைச் சதுரமாக அராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, அப்பா என் பின்னால் நின்று "இன்னும் ஒரு இழுவை" என்று சொல்வது போலவே இருக்கும்.

துறை கிடைத்தது. அடுத்து வந்த பாய்மப் பொறிமுறையில், அதாவது நீரும் காற்றும் ஓடும் விதம் பற்றிய பாடத்தில், நான் தவறினேன்.

அந்தப் பெறுபேற்றுப் பலகைக்கு முன்னால் நின்றதை இன்றைக்கும் மறக்கவில்லை. சமன்பாடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். பேர்ணூலியை நித்திரையிலும் எழுதுவேன். ஆனால் ஒரு பம்ப்பின் உறிஞ்சு குழாயைப் பற்றி அரைப்பக்கம் விளக்கம் கேட்டிருந்தார்கள், நான் சமன்பாட்டைத் திரும்ப எழுதிவிட்டு வந்திருந்தேன். அன்றிரவு ஒரு மூத்த மாணவர் தேத்தண்ணி வாங்கித் தந்து, இதே பீடத்துக்குப் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் துரைராஜாவைப் பற்றிச் சொன்னார். வடமராட்சிக்காரர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஷோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையை மண்பொறியியல் படிப்பவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். பிறகு யாழ். பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். "அவர் படிச்ச விசயத்தைக் காலுக்குக் கீழை கிடக்கிற மண்ணிலை கண்டவர். நீ உன்ரை பம்ப்பை எங்கை கண்டனி?" என்று கேட்டார் அந்த அண்ணா.

நான் பம்ப்பைக் கண்டது உரும்பிராயில்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது புரட்டாதி மாதம், கிணறுகள் வற்றி இருந்தன. ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வந்து, மெஷின் ஓடுது, தண்ணி வரேல்லை என்றார். அப்பா போய் மெஷினைத் தொடவே இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு அளந்தார். "இருபத்தைஞ்சு அடிக்கு மேலை போட்டுது. இனி மேலை இருந்து இழுக்காது. மெஷினை உள்ளுக்கை இறக்கு." கிணற்றுக் கட்டுக்குள் மரம் குறுக்கே போட்டு மெஷினை இறக்கினோம். குழாயின் அடி வாயில் இருக்கும் ஃபுட்வால்வைக் கழுவி, குழாயில் தண்ணி வார்த்துக் காற்றை எடுத்துவிட்டு இழுத்தால், தண்ணீர் வந்தது.

"ஏனப்பா இருபத்தைஞ்சு அடி?"

"அது அப்பிடித்தான். என்ரை அனுபவம்."

அன்றிரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். பம்ப் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் அமுக்கத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேல் இருக்கும் வளிமண்டலம்தான் அதை மேலே தள்ளுகிறது. வளிமண்டல அமுக்கம் 101.3 கிலோபஸ்கால். அது தாங்கக்கூடிய நீர்நிரல் 10.3 மீற்றர், ஏறத்தாழ 34 அடி. அதற்கு மேல் உலகத்தின் எந்தப் பம்ப்பாலும் மேலிருந்து உறிஞ்ச முடியாது. எங்கள் வெக்கையில், 30 பாகையில், நீரின் ஆவியமுக்கத்துக்கு அரை மீற்றர் போல கழியும். ஃபுட்வால்விலும் குழாய் உராய்விலும் இன்னும் கொஞ்சம். பம்ப்பின் வாயில் நீர் கொதித்துக் குமிழியாகாமல் இருக்க இரண்டு மீற்றர் போல மிச்சம் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கழித்தால் ஏழரை மீற்றர் வருகிறது. அடியில், கிட்டத்தட்ட இருபத்தைந்து.

அந்த இரவு நான் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தவறிய வினாவின் விடை நான் பிறந்த வளவுக்குள் இருந்தது.

அன்றைக்குத்தான் கொப்பியின் பக்கங்களை மூன்று நிரலாகக் கோடு போட்டேன். முதல் நிரலில் பள்ளிக்கூடத் தமிழ், இரண்டாவதில் விரிவுரைச் சொல், மூன்றாவதில் அப்பாவின் பட்டறைச் சொல்லோ, அவர் கையால் செய்யும் வேலையோ. பம்ப்புக்குள் நீர் கொதித்துக் குமிழியாகும் கவிட்டேஷன் என்பதற்கு எதிரே "பம்ப்புக்குள்ளை கல்லுப் போட்டு ஆட்டின மாதிரிச் சத்தம்" என்று எழுதினேன். முறுக்கத்துக்கு எதிரே, பிளக்கை இறுக்கும்போது சாவியின் நுனியில் பிடிக்கச் சொல்வது. திருப்பத்துக்கு எதிரே அப்பப்பா மிதித்த துலா.

பெற்றோல் எஞ்சின் வேலை செய்யும் விதமான ஓட்டோ வட்டம் பாடத்தில் வந்தபோது மூன்றாம் நிரல் இரண்டு பக்கம் நிரம்பியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. மெஷின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெற்றோல், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. தலைக்குக் கீழே ஒன்றுக்குப் பதில் இரண்டு கேஸ்கட் போட்டதாக அப்பா சொன்னார். "இல்லாட்டி அடிக்கும். ரெண்டு போட்டா அடிக்காது, ஆனா இழுவை குறையும்." அதையேதான் விரிவுரையில் சமன்பாடாக எழுதினார்கள். நெருக்கல் விகிதத்தைக் குறைத்தால் எரிபொருள் தானாக வெடித்து எஞ்சின் அடிப்பது நிற்கும், அதோடு வினைத்திறனும் இறங்கும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே சூடான பிறகே ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போக முடியாத காலத்தில் வளர்ந்த ஒரு மனிதர் வெப்ப இயக்கவியலைக் கேஸ்கட்டின் தடிப்பில் செய்து பார்த்திருக்கிறார்.

திரும்ப எழுதிய பாய்மப் பொறிமுறையில் சித்தியடைந்தேன். பெரிய புள்ளி இல்லை. ஆனால் விளக்கம் கேட்ட வினாக்கள் எல்லாவற்றுக்கும் பக்கம் நிரப்பி எழுதினேன்.

2020 பங்குனியில் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. விரிவுரைகள் கைப்பேசியில் நடந்தன. சிக்னலுக்காகப் பட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கதிரை போட்டிருந்தேன். கைத்தொழில் பயிற்சியைக் கொழும்புப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் செய்தேன். அங்கே கற்றதில் பெரியது, தினமும் லொக்புத்தகம் எழுதுவது. பயிற்சிக்குப் போகிறவர்கள் அதை அன்றன்றைக்கே எழுதுங்கள், படத்தோடு எழுதுங்கள். கிழமை முடிவில் நினைவிலிருந்து எழுதினால் அளவுகள் எல்லாம் பிழைத்துவிடும். இறுதியாண்டு ஆய்வுக்கு உறிஞ்சு குழாயின் இழப்புகளையே எடுத்துக்கொண்டேன். பாசி அடைத்த ஃபுட்வால்வு வலை எவ்வளவு கெடுதி செய்யும் என்று அளந்தேன். வேறு தலைப்பு எனக்குத் தோன்றவும் இல்லை.

இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்துக்கே ஒரு பொறியியல் பீடம் இருக்கிறது. போன வருடம் அயல்வீட்டுத் தங்கச்சிக்குப் பொறியியல் கிடைத்தபோது, கொப்பியைப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று விறாந்தையில் வைத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். ஒரு வரியில் விரல் வைத்தார். முதல் நிரலில் எந்திரப்பி, இரண்டாவதில் என்ட்ரொப்பி, மூன்றாவது வெறுமை.

"இதுக்கு ஏன் ஒண்டும் எழுதேல்லை?"

"அது உங்கடை பட்டறையிலை இல்லையப்பா."

"சொல்லு பாப்பம்."

எங்கள் சின்ன மெஷின் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் கால்வாசியளவுதான் வேலையாகிறது, மிச்சம் சைலன்சராலும் தலையின் செட்டைகளாலும் சூடாகப் போகிறது என்றேன். அந்தச் சூடு அழியவில்லை, காற்றில்தான் இருக்கிறது, ஆனால் பரந்துபோய்விட்டதால் அதை முழுதாகத் திருப்பி எடுத்து மெஷினை ஓட்ட ஏலாது, அந்தப் பரவலை அளக்கிற கணக்குத்தான் இது என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்சின தண்ணி மாதிரி. நிலத்துக்குள்ளைதான் கிடக்கு. ஆனா வாளியாலை அள்ளேலாது."

பேனையை எடுத்து மூன்றாவது நிரலில் அதை அப்படியே எழுதினேன்.