மேசையில் ஹெர்மஸ், ஒழுங்கை முடிவில் கரை

1/700 அளவில் கணக்குப் பார்த்தால் எங்கள் கடற்கரை என் மேசையிலிருந்து கிட்டத்தட்ட 13 மீட்டர் தள்ளி வரவேண்டும். அதாவது விறாந்தையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, படலைக்கு வெளியே ஒழுங்கைக்குள். எச்.எம்.எஸ். ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கிக் கிடக்கும் இடம் மட்டக்களப்புக் கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர், எழுநூறால் வகுத்துப் பாருங்கள். ஆனாலும் மேசையின் மேற்கு ஓரத்தில் ஒரு கரையைச் செய்து வைத்திருக்கிறேன், பாலமீன்மடு வெளிச்சவீட்டோடு. அதைப் பற்றித்தான் எனக்கும் காத்தான்குடிக் கூட்டாளி ஒருவருக்கும் ஓயாத வாக்குவாதம். அவர் சுத்தமான கணக்குக்காரர். "மச்சான், கப்பலை 700ல செஞ்சுபோட்டு கரையை எந்தக் கணக்குல செஞ்ச?" என்பார். பதில் சொல்ல எனக்கு ஒரு முழுப் பதிவு தேவைப்படுகிறது, அதுதான் இது.

தெரியாதவர்களுக்கு: சின்னச் சின்ன விமானம், கப்பல், நிலம் எல்லாம் செய்து, பெயின்ட் அடித்து, மேசையில் வைத்து, அளவுகோலும் தாயக்கட்டையுமாக ஒரு பழைய சண்டையை மறுபடி விளையாடிப் பார்க்கிற பொழுதுபோக்கு இது. பாதிப் பேருக்கு விளையாட்டு ஒரு சாட்டு, செய்வதிலும் வர்ணம் அடிப்பதிலும்தான் ருசி. நானும் அந்தப் பாதி.

உலகத்தில் எல்லாரும் இரண்டாம் உலகப்போரின் மிட்வே கடற்சண்டையையும் இங்கிலாந்து வான்சண்டையையும் மேசையில் போடுகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 காலை, யப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய அதே நாள், முந்தின இரவே அங்கிருந்து கிளம்பித் தெற்கே வந்துவிட்ட ஹெர்மஸையும் கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரையும், ஹருணா என்ற யப்பானியப் போர்க்கப்பலின் வேவு விமானம் மட்டக்களப்புக்கு நேரே கண்டுவிட்டது. 85 ஐச்சி டி3ஏ குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பி வந்தன, அதில் குறைந்தது 32 ஹெர்மஸின் மேல் இறங்கின. பத்தரை தாண்டித் தொடங்கி, பதினொன்றாக முதல் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 307 பேர் செத்தார்கள், கப்டன் ஒன்ஸ்லோவும் அவர்களில் ஒருவர். வம்பயரும் கடலுக்குள் தாண்டது. தப்பியவர்களில் அறுநூறு பேரளவில் வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. பாசிக்குடாப் பக்கம் முழுக்காளிகள் போய்ப் பார்க்கிற பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க்கப்பலும் அதே நாள் கணக்குத்தான்.

இதில் மேசைக்காரனுக்குப் பெரிய தலையிடி ஒன்று இருக்கிறது. விமானம் தாங்கியாகவே வரைந்து கட்டப்பட்ட கப்பல் என்று பெயர் வாங்கிய ஹெர்மஸில் அன்றைக்கு ஒரு விமானம்கூட இல்லை. அதன் இரட்டைச் சிறகு விமானங்களான சோர்ட்ஃபிஷ்கள் திருகோணமலைச் சீனன்குடாவில் தரையில் நின்றன. உதவிக்குக் கூப்பிட்டும் ஃபுல்மர் போர்விமானங்கள் கப்பல் தாண்ட பிறகுதான் வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் எண்பத்துச் சொச்சம், மறு பக்கம் பூச்சியம். இதை அப்படியே விளையாடினால் ஒருவர் தாயம் உருட்டுவார், மற்றவர் தேத்தண்ணி குடிப்பார்.

அதை எப்படிச் சமாளித்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் விமானம். ஐச்சியின் சிறகு 14.37 மீட்டர். கப்பலோடு ஒத்துப்போக 1/700ல் செய்தால் 2 சென்டிமீட்டர்தான் வரும், கையில் பிடித்து வர்ணம் அடிப்பதற்குள் கண் போய்விடும். 26 சென்டிமீட்டர்க் கப்பலை அப்படியே விட்டுவிட்டு விமானத்தை மட்டும் 1/300க்குக் கூட்டினேன், சிறகு 4.8 சென்டிமீட்டர். இது ஏமாற்றுத்தான், ஆனால் இந்த விளையாட்டில் எல்லாரும் செய்கிற ஏமாற்று. விமானம்தான் காய், கப்பல் பாதிக் காய் பாதி நிலம். யப்பானியர் மூன்று மூன்றாகப் பிரிந்து பறந்தவர்கள் என்பதால் ஒரு பொம்மையை மூன்று விமானமாகக் கணக்கெடுத்தால் 32க்குப் பதினொன்று போதும்.

பொம்மைகள் திரீ டி பிரிண்டரில் ரெசினில் எடுத்தவை. இங்கே இதற்கென்று கடை கிடையாது, கோப்பை இணையத்தில் வாங்கி, பிரிண்டர் வைத்திருப்பவரைப் பிடித்து, அச்செடுத்து பஸ்ஸில் வரவழைக்க வேண்டியதுதான். ரெசினைச் சவர்க்காரத் தண்ணியில் கழுவிக் காயவிடாமல் பெயின்ட் அடித்தால் தோல் மாதிரி உரிந்து வரும். ஐச்சிக்குச் சக்கரம் உள்ளே மடங்காது, காற்சட்டை போட்டதுபோல உறையோடு எப்போதும் கீழேயே நிற்கும். அச்சில் முதலில் உடைவதும் அதுதான். உடைந்தால் சின்னத் துளை போட்டு மெல்லிய கம்பியை உள்ளே ஏற்றி ஒட்டிவிடலாம்.

நிறத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ஐச்சி வெளிறிய சாம்பல், அதில் லேசாக மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு அழுக்கு நிறம், வெறும் சாம்பலை அடித்தால் யப்பானிய விமானமாகவே தெரியாது. புத்தகக் கடையில் கிடைக்கிற ஓவிய அக்ரிலிக்கில் வெள்ளை, கறுப்பு, ஒரு சொட்டு மண்மஞ்சள் கலந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். சின்ன உருவில் எந்த நிறமும் இருண்டுதான் தெரியும், அதனால் உண்மை நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாகக் கலக்க வேண்டும். எஞ்சின் மூடி கறுப்பு, ஆனால் நீலம் கலந்த கறுப்பு. சிவப்பு வட்டத்துக்கு ஸ்டிக்கர் தேடி அலைய வேண்டாம். மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாக வெட்டி, பெயின்டில் தொட்டு, ஒரே அமுக்கு, எந்தக் கை நடுக்கமும் தெரியாத வட்டம் விழும். வெளிர்நிற உடம்பில் வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் போடக் கூடாது, அது பிறகு வந்த பச்சை விமானங்களுக்கு. காற்றாடியை வெட்டி எறிந்துவிடுங்கள். பறக்கிற விமானத்தில் காற்றாடி தெரியாது, கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டினால் அதுவே சுற்றுவது போலிருக்கும்.

தாங்கிக்குப் பெயர்ப்பலகை செய்கிற கடையில் மிஞ்சுகிற தெளிவான அக்ரிலிக் துண்டு, சும்மாவே தருவார்கள். கம்பியின் நுனியில் பழுதான இயர்போனிலிருந்து கழற்றிய காந்தம். பிளட் ரெட் ஸ்கைஸ் என்ற விளையாட்டில் தாங்கியையே சரிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது, மூக்கு மேலே என்றால் கை ஓங்கியிருக்கிறது, நேராக நின்றால் நடுத்தரம், மூக்கு கீழே என்றால் மாட்டிக்கொண்டாய் என்று அர்த்தம். அருமையான யோசனை, உயரத்துக்குத் தனிக் கணக்கு வைக்கத் தேவையில்லை. ஆனால் எங்களுக்கு அது தலைகீழாகிவிட்டது, ஐச்சி மூக்கைக் கீழே குத்தும்போதுதான் ஆபத்தானது! எனவே குத்தி இறங்குவதற்கு மட்டும் 60 பாகையில் வளைத்த வேறு கம்பி வைத்தோம்.

வெயில் காலத்தில் இங்கே பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்துவிடும். ஒரு தட்டில் ஈரப் பஞ்சு, அதன்மேல் கேக் சுடுகிற எண்ணெய்த்தாள், அதில் நிறம் கலந்தால் பின்னேரம் வரைக்கும் தாங்கும். மாரியில் பிரச்சினை எதிர்ப்பக்கம். ஈரக்காற்றில் மட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் பால் மாதிரி வெள்ளைப் படலம் படியும், அவ்வளவு வேலையும் வீண். ஆகவே மாரி முடியும்வரை வார்னிஷைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

இப்போது கடல். ஒரு பலகையில் டிஷ்யூவை விரித்து, கெமிஃபிக்ஸ் பசையில் தண்ணி கலந்து தடவி, விரலால் தள்ளித் தள்ளிச் சுருக்கினால் அலை. காய்ந்ததும் கருநீலம், அதன்மேல் திட்டுத்திட்டாகப் பச்சை, கடைசியில் மினுக்கு வார்னிஷ். இணையத்தில் பார்க்கிற எல்லாக் கடலிலும் வெள்ளை நுரை நிரம்பி வழியும். அவை அத்லாந்திக். எங்கள் கடல் ஏப்ரலில் வாடைக்காலத்துக் கொந்தளிப்பு எல்லாம் அடங்கி எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும், கல்லடியில் காலையில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும். ஆகவே நுரை கப்பலின் பின்னால் மட்டும், முழு வேகத்தில் வளைந்து வளைந்து ஓடிய தடமாக. குண்டு விழுந்து எழும்புகிற தண்ணீர்த் தூணுக்கு மூங்கில் குச்சியில் சூட்டுப் பசையை வழியவிட்டு வெள்ளை அடித்தது. புகைக்கு இலவம் பஞ்சு, கறுப்பைத் தண்ணியாகக் கரைத்துத் தெளித்து, அடியில் கொஞ்சம் செம்மஞ்சள். இலவம் பஞ்சின் இழை நுணுக்கமாக இருக்கும்.

சரி, கரை. அடித்தளம் ரெஜிபோம், பெட்டிகளுக்குள் வருகிற அந்த வெள்ளை நுரைப்பலகை. அதில் சுப்பர் குளூவும் படக்கூடாது, ஸ்பிரே பெயின்ட்டும் நேராகப் படக்கூடாது, இரண்டும் அதைக் கரைத்துத் தின்றுவிடும். முதலில் பசையும் நீர்ப்பெயின்ட்டும் கலந்து ஒரு பூச்சு. மணலுக்கு வீட்டு முற்றத்து மணலே போதும், கடற்கரை மணல் என்றால் உப்புப் போகக் கழுவி, காயவைத்து, துணியில் அரித்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காலத்தில் கசிந்துகொண்டே இருக்கும். தென்னை மரம் இந்த அளவில் 3 சென்டிமீட்டர்கூட வராது, தும்பு நாரின் நுனியைப் பிரித்துப் பச்சையில் தோய்த்தால் ஓலை. தென்னைக்குத் தென்னையே. 1913ஆம் ஆண்டு வெளிச்சவீடு கோர்லிக்ஸ் உறிஞ்சியை விடச் சின்னது, வெள்ளை அடித்து நட்டாயிற்று. பின்னால் வாவியும் முகத்துவாரமும், தெற்கே கல்லடிப் பாலமும், பழைய இரும்புப் பாலம்தான், ஸ்டேப்ளர் கம்பியில். அந்தப் பாலம் திறந்ததும் 1924, ஹெர்மஸ் கடற்படைச் சேவைக்கு வந்ததும் 1924. இரண்டும் ஒரே வயதுக்காரர் என்று கண்டபிறகு பாலத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

கூட்டாளி சொல்வது சரி, இந்தக் கரை கணக்கில் பொய். ஆனால் வெறும் நீலப் பலகையைப் பார்த்தால் அது பசிபிக்கா, மத்தியதரையா, என்ன கண்டது? மேற்கு ஓரத்தில் வெளிச்சவீட்டைக் கண்டதும் இங்கே பிறந்த எவரும் "இது நம்மட முகத்துவாரமெல்லோ" என்று குனிந்து பார்ப்பார்கள். விமானத்தை இரண்டு மடங்குக்கு மேல் பெருப்பித்தபோது வாய்மூடி இருந்தவர், கரையை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்ததற்கு மட்டும் கணக்குக் கேட்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

அம்மாவின் கேள்வி வேறு. "வானத்தில பார்த்தது காணாதா மகன், இப்ப மேசையிலயும் விடப்போறியா?" இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. பொம்மர் சத்தம் கேட்டு ஓடிப் படுத்த ஆட்கள் இருக்கிற வீட்டில் விமானம் பொம்மையாகக் கிடப்பது சின்ன விசயமில்லை. நான் வைத்திருக்கிற ஒழுங்கு இதுதான்: எங்கள் சண்டையை மேசையில் போடமாட்டேன். அந்தக் காலத்துக் குண்டுவிமானமான கிபிரைச் செய்து தரும்படி ஒரு பொடியன் கேட்டான், முடியாது என்று சொல்லிவிட்டேன். 1942 தள்ளி நிற்கிறது, அந்த 307 பேரின் பெயரைச் சொல்லி அழ இந்த ஒழுங்கையில் யாருமில்லை. இது நியாயமான கோடா என்று கேட்டால் எங்கோ ஒரு வீட்டில் அழுதுதான் இருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கோடு அங்கேதான். கப்பல் தாண்டதும் மேசையில் இருப்பதை எண்ணி வெற்றி கொண்டாடுவதையும் நிறுத்திவிட்டோம்.

விளையாட்டுக்கு என்ன செய்தோம் என்றால், ஹெர்மஸ் தப்புவதை வெற்றியாக வைக்கவில்லை. எத்தனை சுற்று மிதக்கிறது, அதன் நாலு அங்குல வான்காப்புப் பீரங்கிகள் மூன்றும் எத்தனை விமானத்தை விரட்டுகின்றன, இவைதான் புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தாயம், ஆறு விழுந்தால் ஃபுல்மர்கள் வடக்கு ஓரத்தில் தோன்றும். பெரும்பாலும் விழாது. விழுந்த ஒரு பின்னேரம் கூட்டாளி கதிரையை விட்டு எழும்பி நின்றே விளையாடினார், ஃபுல்மர் இரண்டு ஆசனம் உள்ள கனத்த விமானம் என்றாலும் குண்டு சுமந்துவருகிற ஐச்சிக்கு அது யமன்தான்.

அடுத்தது சீனன்குடா விமானத்தளம், தரையில் நிற்கிற சோர்ட்ஃபிஷ்களோடு. இரட்டைச் சிறகுக்கு இடையில் கட்டுகிற கம்பிக்கு என்ன பாவிப்பது என்று இன்னும் முடிவில்லை. தலைமயிர் தொய்கிறது, தூண்டில் நரம்பு இந்த அளவுக்குத் தடிப்பு. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் நைலோன் வலை பின்னுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களிடம் இருப்பதிலேயே மெல்லிய இழை எது என்று கீழே எழுதிவிடுங்கள், ஒரு முழம் போதும்.