வலிக்கலை என்று சொன்னேன்

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம். காட்டன் புடவை கவுண்டரில் இருந்த பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் பிரிவிலிருந்து இரண்டு பேர் இந்தப் பக்கம் வருவது போலத் தெரிந்தது. போலத்தான், வந்துவிடவில்லை. நான் போய், "எழுந்திரும்மா" என்றேன்.

"இன்னும் யாரும் வரலையேக்கா."

"நாங்கல்லாம் நின்னே வேலை பார்த்தவங்கதான்."

அவள் எழுந்துகொண்டே கேட்டாள்: "அப்போ உங்களுக்குக் கால் வலிக்கலையா?"

நக்கலாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "வலிக்கலை" என்றேன். அதைச் சொல்லும்போது என் இடது காலில் முட்டி வரை இறுக்கமான காலுறை. நரம்புச் சுருட்டலுக்கு டாக்டர் போடச் சொன்னது.

ஏன் அப்படிச் சொன்னேன்? தளத்துக்குப் பொறுப்பு நான். தலைக்கு மேல் கேமரா. விற்பனை குறைந்தால் மேனேஜர் கேட்பது என்னைத்தான், அவளை அல்ல. இதெல்லாம் உண்மைதான். ஆனால் எழுந்திரு என்று சொன்னதற்குத்தான் இவை காரணம். வலிக்கலை என்று சொன்னதற்கு இதில் எதுவும் பொருந்தவில்லை.

அந்த ஸ்டூல் சும்மா வந்ததில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'பெண்கூட்டு' தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. அது இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் அவர்கள். அப்புறம்தான் நாற்காலி. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. இங்கே தமிழ்நாட்டில் 2021-இல், 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. வாய்ப்புக் கிடைத்ததா இல்லையா என்று யார் சொல்வது? எங்கள் தளத்தில் நான்தான்.

நாங்கள் போராடவில்லை. சங்கம் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொன்னதுகூட இல்லை. ஆனால் புடவை மடிக்கிற சாக்கில் கவுண்டருக்குக் கீழே குந்துவோம். ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி முன்னால் மறைத்து நிற்பாள், பிறகு மாற்றிக்கொள்வோம். பத்து நிமிடம் என்று கணக்கு. ஒரு நாளும் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. அதுவும் ஒரு இயக்கம்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. சரி, கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அன்றைக்கு மறைத்து நின்றவள்தான் இன்றைக்கு எழுப்பிவிட்டவள் என்பது உறுத்துகிறது.

சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். எங்கள் காலத்தில் உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். நான் பிடிக்கவில்லையே, ஒரு வார்த்தைதானே சொன்னேன்? இவளுக்கு மடிக்கிற சாக்குகூட வேண்டாம், எல்லார் கண்ணிலும் படும்படி உட்காரலாம். அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். பொறாமை என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அதுவா என்று இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அவளிடம் போய், "அன்னிக்குப் பொய் சொன்னேன், வலிக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிடலாம். இரண்டு முறை அதற்காகவே அந்தப் பக்கம் போனேன். இரண்டு முறையும் நான் வருவதைப் பார்த்ததும் அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். கவுண்டரில் கஸ்டமர் யாரும் இல்லை. நான் ஏதோ ஸ்டாக் கணக்குக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.